வேலிக்கு இந்தப் பக்கம் பிரேக் இல்லை

மகள்: காலை எடுங்கப்பா!

அப்பா: எங்கேருந்து?

மகள்: என் செருப்பு மேலேருந்து. ஏறி நின்னு அழுத்திக்கிட்டு இருக்கீங்க.

அப்பா: பிரேக்னு நினைச்சுட்டேன்...

மகள்: அது என் கால். வேலிக்கு இந்தப் பக்கம் பிரேக் எல்லாம் கிடையாது.

அப்பா: காலம் பூரா பக்கத்து சீட்டுல உட்கார்ந்து அடுத்தவன் ஓட்டற வண்டிக்கு பிரேக் போட்ட கால் இது. தரையா, பெடலான்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீ மட்டும் என்னவாம்... அந்த பேக்கரிக்காரர் டெஸ்ட்டுக்குப் போனப்ப தரையைத் தேய்ச்சுக் குழியே பறிச்சுட்ட.

மகள்: அவர் கம்பத்து மேலயே ஏத்தப் பார்த்தார்!

அப்பா: ஏத்தலைல்ல? நீ சொல்லிக்கொடுத்த பையன் அவர். பாஸ் ஆயிட்டார்ல?

மகள்: பையனா... அவருக்குப் பேரனே இருக்கான். ஐயோ, அங்க பாருங்க, அங்க பாருங்க, அம்மா வண்டி கிளம்புது!

அப்பா: எங்க?

மகள்: வெள்ளை வண்டிப்பா. கூரை மேல நம்ம டிரைவிங் ஸ்கூல் போர்டு தெரியலை? ஆபீசர் ஏறி உட்கார்ந்துட்டார். அம்மா சிரிக்கறா!

அப்பா: அது சிரிப்பு இல்லை. பயந்தா உங்கம்மாவுக்குப் பல்லு வெளியே வந்துடும். கல்யாண போட்டோ பூரா அப்படித்தான்.

மகள்: வாயை வைக்காதீங்க. ரிவர்ஸ் எடுக்கறா... நாலு கம்பத்துக்கு நடுவுல விடணும்...

அப்பா: விட மாட்டா.

மகள்: விடுவா.

அப்பா: கிட்டப் போயிட்டா. ரொம்பக் கிட்ட. கண்ணாடி... கண்ணாடியைப் பாரு... ஸ்டீயரிங்கை ஒடி, இப்ப ஒடி!

மகள்: நீங்க யாரு கட்சி?

அப்பா: நான் எந்தக் கட்சியும் இல்லை. கம்பம் கவர்ன்மென்ட் கம்பமாச்சேன்னு சொன்னேன்.

மகள்: நேராக்கு... நேராக்கு... நேராக்கிட்டா! உள்ள வந்துட்டா! அப்பா, நடு சென்டர்ல நிறுத்திட்டா! பார்த்தீங்களா!

அப்பா: பார்த்தேன், பார்த்தேன். காதுல கத்தாத.

மகள்: இன்னும் மேடு ஒண்ணுதான் பாக்கி. மேட்டுல நிறுத்தி எடுத்துட்டா பாஸ். பாஸ்னா என்ன அர்த்தம்?

அப்பா: லைசென்ஸ்னு அர்த்தம்.

மகள்: தெரியாத மாதிரி பேசாதீங்க. பாஸ்னா நாளைக்கு டாக்டரம்மா முன்னாடி உட்கார்ந்து "ஆபரேஷனுக்குச் சரி, மூத்திரப்பையை எடுத்துடுங்க"ன்னு சொல்றீங்க. நீங்களே வச்ச பந்தயம். "உங்கம்மா லைசென்ஸ் வாங்கற அன்னைக்குப் பார்க்கலாம்"னு சோத்துத் தட்டுல கை வச்சுக்கிட்டு சொன்னீங்க. 

அப்பா: "பார்க்கலாம்"னுதானே சொன்னேன்.

மகள்: அப்பா!

அப்பா: சரி சரி. சொன்ன வார்த்தை மாற மாட்டேன்.

மகள்: உலகத்துல வீட்டை வச்சு ஆடினவன் இருக்கான், வாசலை வச்சு ஆடினவன் இருக்கான். மூத்திரப்பையை வச்சுப் பந்தயம் கட்டின ஒரே ஆளு நீங்கதான்.

அப்பா: வேற எதை வைக்க? இருக்கறதுல ரிப்பேரான சாமான் அது ஒண்ணுதான். சிரி. சிரிக்க வேண்டிய இடம்தான்.

மகள்: ஏன் வண்டி நிக்குது? மேட்டுக்குப் போகாம...

அப்பா: ஆபீசர் இறங்கறார். டீ வந்துருச்சு.

மகள்: இப்பவா! அம்மா உள்ளேயே உட்கார்ந்திருக்கா பாருங்க... ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல, யாரோ பிடுங்கிக்கிட்டுப் போயிடற மாதிரி.

அப்பா: அவர் டீ குடிக்கறதுக்குள்ள உங்கம்மா கத்துக்கிட்டது எல்லாம் ஆறிப்போயிடும்.

மகள்: உங்களுக்கு ஆசை. அவ தோத்துட்டா, கீமோலயே கட்டி சுருங்கிப்போச்சு, இனிமே கத்தி எதுக்குன்னு சொல்லலாம்.

அப்பா: சுருங்கிச்சா இல்லையா? ஸ்கேன்ல டாக்டரம்மாவே விரலை வச்சுக் காட்டினாங்க. முன்னாடி எலுமிச்சை மாதிரி இருந்தது, இப்ப மிளகு சைசு. நீ சந்தோஷத்துல அந்த நர்ஸைக் கட்டிப்பிடிச்சல்ல?

மகள்: பிடிச்சேன். இப்பவும் பிடிப்பேன். ஆனா அதே டாக்டரம்மா அடுத்த வார்த்தை என்ன சொன்னாங்க? கட்டி தசைக்குள்ள இறங்கினது. கண்ணுக்குத் தெரியறது சுருங்கிடுச்சு, தெரியாதது எங்க ஒளிஞ்சிருக்கோ. இப்ப எடுத்துட்டா நல்லதுன்னாங்க.

அப்பா: பையை வச்சுக்கிட்டே ரேடியேஷன் கொடுக்கற வழியும் இருக்குன்னாங்க.

மகள்: அது சில பேருக்கு. உங்களுக்குக் கட்டி கிட்னிக் குழாயை அடைச்சிருந்தது, அதனால அந்த வழி அவ்வளவா கை கொடுக்காதுன்னும் சொன்னாங்க. பாதியைக் கேட்டுக்கிட்டு பாதியைக் காத்துல விட்டுடுவீங்களா?

அப்பா: உடம்பு தேறட்டும், கீமோ முடிஞ்சு சில வாரம் போகட்டும்னு அவங்கதான் சொன்னாங்க. நான் சொல்லலை.

மகள்: தேறியாச்சு. நேத்து மூணு தோசை தின்னீங்க.

அப்பா: எண்ணிக்கிட்டா இருந்த?

மகள்: கீமோ ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நீங்க என்ன தின்னீங்கன்னு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். அரை இட்லியில நின்ன ஆளு நீங்க. இதுக்கு மேல தள்ளினா சுருங்கினது திரும்ப வளரும்பா. அஞ்சு வாரமா உங்ககூட மல்லுக்கட்டி எனக்குத் தொண்டைத்தண்ணியே வத்திப்போச்சு.

அப்பா: அதான் பார்த்தேன். ஒரு வாரமா என்கிட்ட பேசறதையே விட்டுட்ட.

மகள்: பேசினா அழுதுடுவேன்னுதான் பேசலை. என்ன பிடிவாதம்ப்பா இது? அம்மா ஸ்டீயரிங் பிடிச்சாத்தான் நீங்க பிழைக்கணும்னு எந்த ஊர் நியாயம்? பதில் சொல்லுங்க.

அப்பா: ஆபீசர் ரெண்டாவது டீ வாங்கறார் பாரு.

மகள்: பேச்சை மாத்தாதீங்க.

அப்பா: சரி, ஒரு பேச்சுக்கு வச்சுக்க. நான் சரின்னு சொல்லிட்டேன், எடுத்துட்டாங்க. அப்புறம்? மூத்திரம் போக வழி?

மகள்: அதான் ரெண்டு வழி சொன்னாங்களே. குடல்ல ஒரு துண்டை எடுத்து உள்ளேயே புதுப்பை தைக்கறது. எப்பவும் போற வழியிலயே போகலாம். வெளியே யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அதைத்தான் கேட்கணும் நீங்க.

அப்பா: அந்தப் புதுப்பைக்கு எல் போர்டு மாட்டணும், தெரியுமா?

மகள்: என்னது?

அப்பா: அதுக்கு ஒண்ணும் தெரியாதுடி. ரொம்பிடுச்சுன்னு சொல்லத் தெரியாது, அடக்கத் தெரியாது. நாமதான் அலாரம் வச்சு எழுந்து, நேரத்துக்குப் போய் உட்கார்ந்து, முக்கி முக்கிப் பழக்கணும். தூக்கத்துல ஒழுகலாம். சில பேருக்குக் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டி வரும். வாழ்நாள் பூரா கத்துக்குட்டிகளோட மாரடிச்சுட்டேன். கடைசியா என் வயித்துக்குள்ளயும் ஒரு கத்துக்குட்டியா?

மகள்: ஹா... அப்ப வெளியே மாட்டற பையா? வயித்துல வாசல் வச்சு, அதுல பையை ஒட்டி... வேண்டாம்பா.

அப்பா: ஏன் வேண்டாம்?

மகள்: காருக்குள்ள, ஸ்டூடன்ட் பக்கத்துல... அது கழண்டு, வாடை வந்து... நாலு பேரு ஒரு மாதிரி பார்த்தா...

அப்பா: யாருக்கு வெட்கம்? எனக்கா, உனக்கா?

மகள்: ...எனக்குத்தான் போல.

அப்பா: பரவாயில்லை, உண்மையைச் சொன்னியே. இங்க பாரு, ஆபரேஷனும் அதுல சின்னது. சட்டைக்குள்ள தட்டையா கிடக்கும். ரொம்பினா போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு வரலாம், நின்னுக்கிட்டே. தொப்புளுக்கு வலது பக்கம் ரெண்டு விரல் கீழே வச்சா சீட் பெல்ட் அது மேல ஏறாது. குனிஞ்சாலும் மடிப்பு விழாது. இவன் சடன் பிரேக் போட்டாலும் ஒண்ணும் ஆகாது.

மகள்: எவன்?

அப்பா: எவனாவது ஒருத்தன் போடுவான்ல.

மகள்: பெல்ட் ஏறாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: ...நர்ஸம்மா சொன்னாங்க.

மகள்: எப்ப? எல்லா தடவையும் நான் கூட இருந்தேனே.

அப்பா: நீ மாத்திரை வாங்கப் போயிருந்தப்ப. பெரிய போலீஸ் இவ... அட, ஆபீசர் கிளாஸைக் கீழே வச்சுட்டார்! ஏறிட்டார்!

மகள்: கிளம்பு, கிளம்பு... கிளம்பிட்டா! முதல் கியர். சுத்தமா எடுத்தா பாருங்க, ஒரு குலுக்கல் கிடையாது!

அப்பா: மேடு வரட்டும்.

மகள்: ஏறுது... ஏறுது... பாதி மேடு. நிறுத்தணும். நிறுத்திட்டா!

அப்பா: வாயைத் திறக்காத இப்ப.

மகள்: வண்டி அவ்ளோ தூரத்துல இருக்கு, அவளுக்கு எப்படிக் கேட்கும்?

அப்பா: எனக்குக் கேட்குதுல்ல!

மகள்: அரை க்ளட்ச்சும்மா... இஞ்சின் சத்தம் கம்மினதும் பிரேக்லேர்ந்து காலை எடு... நான் சொன்னபடி... அம்மா, கை எங்க போகுது? கை ஏன் கீழே போகுது?

அப்பா: ஹேண்ட் பிரேக் போடறா. சபாஷ்!

மகள்: எதுக்குப் போடறா? நான் சொல்லிக்கொடுக்கவே இல்லையே! காலை எடுத்துட்டா... ஹேண்ட் பிரேக்கை விடாம ஆக்சிலேட்டர் கொடுக்கறா...

அப்பா: விடு! கையை விடு! பட்டனை அமுக்கு!

மகள்: ஐயோ...

அப்பா: ஆஃப் பண்ணிட்டா.

மகள்: போச்சு.

அப்பா: போகலை. இரு. மேட்டுக்கு இன்னொரு சான்ஸ் கொடுப்பாங்க. வண்டி பின்னாடி உருளலை, பார்த்தியா? ஹேண்ட் பிரேக் பிடிச்சு நிறுத்திருச்சு. உன் முறையில எடுத்திருந்தா இந்நேரம் அடிவாரத்துல கிடப்பா.

மகள்: அப்பா.

அப்பா: என்ன?

மகள்: மேட்டுல ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கறது யாரு முறை?

அப்பா: பழைய முறை. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

மகள்: உங்க முறை. நம்ம ஸ்கூல்ல நீங்க ஒருத்தர்தான் அப்படிச் சொல்லித்தருவீங்க. நான் சாயங்காலம் கஷ்டப்பட்டு ஒண்ணு சொல்லிக்கொடுப்பேன், மறுநாள் வந்து அம்மா வேற என்னமோ பண்ணுவா. கண்ணாடியைப் பாரும்மான்னா கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பார்ப்பா. மறதி, வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்... காலைல வாக்கிங் போறோம், வாக்கிங் போறோம்னு ரெண்டு பேரும் கிளம்பிப் போனீங்களே...

அப்பா: கொஞ்சம் நடக்கவும் செஞ்சோம்.

மகள்: அப்பா!

அப்பா: வண்டிக்கு எண்ணெய் போதலைன்னா நடக்கத்தானே வேணும்!

மகள்: அம்மா தோக்கணும்னு பந்தயம் கட்டினது நீங்க. நீங்களே எதுக்கு... இருங்க. குழப்பி விடத்தானே? ரெண்டு முறையையும் கலந்து அவ நடு மேட்டுல நிக்கணும்னுதானே?

அப்பா: சீச்சீ! என்ன பேச்சு பேசற? கூரை மேல யாரு பேரு போர்டு தொங்குது? வாத்தியார் பொண்டாட்டி டெஸ்ட்ல கோட்டை விட்டாள்னா நாளைக்கு எவன் நம்மகிட்ட கத்துக்க வருவான்? தொழில் மானம்டி அது.

மகள்: மானமா?

அப்பா: மானம்தான்.

மகள்: அப்பப் பந்தயம்?

அப்பா: பந்தயம் வேற, மானம் வேற.

மகள்: உங்களைப் புரிஞ்சுக்கறதுக்குத் தனியா ஒரு லைசென்ஸ் வாங்கணும்... ஸ்டார்ட் பண்றா! சான்ஸ் கொடுத்துட்டார்!

அப்பா: மூச்சு விடாத.

மகள்: எந்த முறையில எடுப்பா?

அப்பா: என் முறை.

மகள்: என் முறை!

அப்பா: கை கீழேதான் இருக்கு, பாரு, பாரு...

மகள்: கால் பிரேக் மேலயே இருக்கு, லைட் எரியுது பாருங்க!

அப்பா: க்ளட்ச்... மெதுவா... மெதுவா... வண்டி மூக்கு தூக்குது... க்ளட்ச் பிடிச்சிருச்சு!

மகள்: இப்ப விடும்மா!

அப்பா: விடு!

மகள்: பின்னாடி போகுது! பின்னாடி போகுது!

அப்பா: போகாது!

மகள்: நின்னுருச்சு... ஏறுதுப்பா! ஏறுது!

அப்பா: கொடு, கொடு, கொடு... நிறுத்தாத... அப்படித்தான் என் ராசாத்தி!

மகள்: ஏறிட்டா! மேல போயிட்டா! அம்மா!

அப்பா: ஏய், வேலியை உடைச்சுடாத!

மகள்: ராசாத்தியா? இதுவரைக்கும் உங்க வாயிலேர்ந்து நான் கேட்டதே இல்லையே?

அப்பா: வேலிக்கு அந்தப் பக்கம் கேட்காதுன்னு நீதானே சொன்ன.

மகள்: அழறீங்களா?

அப்பா: புகை. அந்த லாரி புகை.

மகள்: எந்த லாரி? இங்க லாரியே இல்லை... இறங்கிட்டா. ஆபீசர் என்னமோ சொல்றார்... கட்டை விரலைத் தூக்கிக் காட்டறார்! பாஸ்! பாஸ்ப்பா! வயித்தை ஒண்ணும் இடிக்காம ஒரு கட்டு கட்டிப்பிடிச்சுக்கறேன்.

அப்பா: மெதுவா... மெதுவா... தலைல முடி இப்பதான் முளைக்குது, கலைக்காத.

மகள்: அம்மா! இங்க! இங்க வா! ஓடாத, விழுந்துடப் போற!

அம்மா: பார்த்தீங்களா? ரெண்டு பேரும் பார்த்தீங்களா?

மகள்: பார்த்தோம், பார்த்தோம்! பிரமாதம்மா! முதல் தடவை ஏன் ஆஃப் ஆச்சு?

அம்மா: காலைல ஒரு வாத்தியார், சாயங்காலம் ஒரு வாத்தியார். இவர் ஒண்ணைச் சொன்னார், நீ ஒண்ணைச் சொன்ன. அந்த நேரத்துல ரெண்டு பேரு குரலும் ஒண்ணா காதுக்குள்ள கேட்டுது. எரிச்சல் வந்துருச்சு. ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்கன்னு சொல்லிட்டேன்.

அப்பா: யார்கிட்ட?

அம்மா: வாய்விட்டுச் சொல்லிட்டேன் போலிருக்கு. பக்கத்துல அந்த ஆபீசர், "நான் ஒண்ணும் பேசலையேம்மா"ன்னார் பாவம்.

மகள்: ஐயோ அம்மா!

அப்பா: சொல்லிட்டு யாரு முறையில எடுத்த? அதை முதல்ல சொல்லு.

அம்மா: எனக்கு எப்படித் தெரியும்? கையும் காலும் என்னமோ பண்ணிச்சு, வண்டி ஏறிருச்சு.

மகள்: சரி, அது கிடக்கட்டும். நாங்க ஜெயிச்சுட்டோம். அப்பா, தோத்துட்டீங்க. நாளைக்குக் காலைல டாக்டரம்மாகிட்ட போறோம். உள்ளே தைக்கற பையோ வெளியே மாட்டற பையோ, உங்க இஷ்டம். நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா எடுக்கச் சொல்றீங்க. சரியா?

அப்பா: என்ன பண்றது... சொன்ன வார்த்தை. விதியேன்னு சொல்லிட வேண்டியதுதான்.

மகள்: விதியா? அஞ்சு வாரம் என் உயிரை எடுத்துட்டு விதியாம். அம்மா, இவரைப் பாரேன், எவ்வளவு அழுத்தம்! எத்தனை கெஞ்சினேன், ஒரு தடவையாவது மனசு இறங்கினாரா? இனிமே எனக்கு உங்க மேல கோபமே போகாதுப்பா, சொல்லிட்டேன்.

அப்பா: போகலைன்னா இருந்துட்டுப் போகட்டும். வா, வண்டில ஏறு.

அம்மா: ஏங்க... சொல்லிடட்டுமா?

அப்பா: என்னத்தைச் சொல்லப் போற? சாவியை எடு, கிளம்பலாம்.

மகள்: எதைச் சொல்லணும்?

அப்பா: ஒண்ணும் இல்லைடி. வெயில்ல நின்னு உளர்றா.

அம்மா: போதும்ங்க. அவ உங்களைக் கண்டபடி பேசப் பேச எனக்கு இங்க குத்துது.

மகள்: அம்மா? என்னம்மா?

அம்மா: மூத்திரத்துல ரத்தம் கட்டி அடைச்சுக்கிட்டு முதல்முதலா ஆஸ்பத்திரிக்குப் போனாரே, அன்னைக்கு அவரே ஓட்டிக்கிட்டுப் போனார்னு உன்கிட்ட சொன்னேன்ல... அது பொய். மத்தியானம். ஒரு சொட்டு போகாம வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இவர் தரையில கிடந்து உருளறார். நீ இந்த மைதானத்துல இருந்த, போனை எடுக்கலை. வாசல்ல சாவியோட மூணு வண்டி நிக்குது. டிரைவிங் ஸ்கூல்காரன் பொண்டாட்டி நான், நடு ரோட்டுக்கு ஓடி, போற வண்டி வர்ற வண்டியை எல்லாம் கும்பிட்டு நிறுத்தப் பார்த்தேன். ஒருத்தனும் நிக்கலை, ரொம்ப நேரம் கழிச்சு ஒரு ஆட்டோதான் நின்னுது... ஸ்கேன் வந்த அன்னைக்கே இவர் போன் போட்டு, வெளியே மாட்டற பைதான்னு டாக்டரம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டார் கண்ணு. மறுநாள் போய், பை ஒட்டற இடத்துக்கு வயித்துல புள்ளி கூட வச்சுக்கிட்டு வந்தார். நான் ஓட்டக் கத்துக்கற வரைக்கும் உங்களைக் கத்திக்குக் கொடுக்க மாட்டேன்னு அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதது நான்தான். இவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "பழி என் பேர்ல இருந்துட்டுப் போகட்டும்"னு.